நடுவில் கத்தரி வைக்கும் கார்டிகன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை சாயந்திரம் எங்கள் வீட்டு அஞ்சடியில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து பின்னுவோம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கம்பளிச் சட்டையா என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இரண்டு நிறக் கம்பளியில் கார்டிகனை மூடிய குழாயாகப் பின்னி, கடைசியில் முன்பக்கத்தை நெடுக வெட்டித் திறக்கும் முறை ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சொன்னதையே சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

இந்த வெயிலில் இதை யார் போடுவது?

நான் முதலில் பின்னியது என் தங்கை மகளுக்கு. ஸ்காட்லாந்தில் தாதியாக இருக்கிறாள். அங்கே ஜூன் மாதத்தில்கூட மேலே ஒன்று போடாமல் வெளியே போக முடியாதாம். அடுத்தது எனக்கே பின்னிக்கொண்டேன். கோலாலம்பூர் போகும் பேருந்தில் ஏர்கோனைக் குறைக்கச் சொன்னால் எந்த டிரைவர் கேட்கிறார்? சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறினால், மேலே உள்ள தானா ராத்தா ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, ராத்திரியில் 16, 17 டிகிரிக்கு இறங்கிவிடும். போட ஆள் இருக்கிறது. பின்னுகிற இடம்தான் சூடு.

ஸ்டீக் என்கிறீர்களே, அது என்ன?

கார்டிகனைத் திறந்த துணியாகப் போய்த் திரும்பிப் பின்னினால் ஒரு வரிசை முகப்பில் வரும், அடுத்தது பின்புறத்தில். ஒரே நிறம் என்றால் தொல்லை இல்லை. இரண்டு நூலைப் பிடித்துக்கொண்டு பின்புறத்திலிருந்து பர்ல் (புறக் கண்ணி) போடும்போது பூ எங்கே விழுகிறது என்றே தெரியாது, கையும் இறுகிப்போகும். ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுப் பெண்கள் அதனால் எல்லாவற்றையும் குழாயாகச் சுற்றிச் சுற்றியே பின்னினார்கள். முகப்பு எப்போதும் கண்முன்னே இருக்கும், பர்ல் என்ற பேச்சே இல்லை. எங்கே திறப்பு வேண்டுமோ அங்கே சில உபரிக் கண்ணிகளை (ஊசியில் விழும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி) சேர்த்துப் பாலம் மாதிரி பின்னிக்கொண்டு போவார்கள். எல்லாம் முடிந்தபின் பாலத்தின் நடுவில் கத்தரி. அந்தப் பாலம்தான் ஸ்டீக்.

ஸ்காட்லாந்துப் பேச்சில் அந்தச் சொல்லுக்குத் தையல் என்றும் பொருள், மூடுவது என்றும் பொருள். திறக்கிற இடத்துக்கு மூடுகிற பெயர்!

ஷெட்லாந்துக்கும் ஆர்க்னிக்கும் நடுவில் கிடக்கும் சின்னத் தீவு ஃபேர் ஐல். இந்த வண்ணப் பின்னலை அந்தத் தீவின் பெயரால்தான் உலகம் அழைக்கிறது. 1920களில் அப்போதைய வேல்ஸ் இளவரசர் அந்தச் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு கோல்ஃப் ஆடப் போனதும் ஊரெல்லாம் அதையே கேட்டது. நார்வேக்காரர்களும் வெட்டுவார்கள், அவர்கள் இரண்டு பக்கமும் தையல் ஓட்டிவிட்டு வெட்டுகிறவர்கள். ஐஸ்லாந்தின் தோள் வட்டச் சுவெட்டரையும் இப்படித்தான் கார்டிகனாக்குகிறார்கள்.

பின்னலை வெட்டினால் பிரிந்து போய்விடாதா?

எல்லாருக்கும் முதல் பயம் இதுதான். கண்ணி எந்தத் திசையில் பிரியும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஊசியிலிருந்து நழுவிய கண்ணி மேலிருந்து கீழாக ஏணி மாதிரி இறங்கிக்கொண்டே போகும். பக்கவாட்டில் அப்படி ஓடாது. ஒரு வரிசையின் நூல் பாம்பு மாதிரி ஏறி இறங்கி ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் புகுந்து போகிறது. அந்த நுனி வெளியே வரவேண்டுமானால் அத்தனை வளைவிலிருந்தும் உருவிக்கொண்டு வரவேண்டும். நெடுக வெட்டும்போது நீங்கள் கண்ணியின் தலையில் கை வைப்பதில்லை, வரிசையின் நுனியைத்தான் அறுக்கிறீர்கள்.

இதோடு கம்பளி முடியின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இரண்டு நிறப் பின்னலில் பின்னால் இன்னொரு நூலும் ஓடுவதால் பிடி இன்னும் கெட்டி.

என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் மரம் வெட்டியவர். பட்டையைக் காசு கனத்துக்குச் சீவ வேண்டும், உள்ளே மரத்தில் கத்தி படக்கூடாது. பட்டால் அந்த இடம் முண்டு முண்டாகக் காய்த்துவிடும், மண்டோர் (மேஸ்திரி) ஏசுவார். கத்தியின் கூரை அம்மா கவலையாகப் பார்த்து நான் கண்டதில்லை. எங்கே வைப்பது என்பதில்தான் அவருக்குக் கண். நான் முதன்முதலாக வெட்டப்போன அன்று கை நடுங்கியதைப் பார்த்துவிட்டு, “கோடு சரியா இருக்கா? அப்புறம் ஏன் நடுங்குற?” என்றார். கோடு சரியாகத்தான் இருந்தது. சரியில்லாதது நூல். அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

எந்த நூல் வாங்க வேண்டும்?

கார்டிகன் பிழைக்குமா, பிரியுமா என்பது வெட்டுகிற மேசையில் முடிவாவதில்லை, நூல் வாங்குகிற அன்றே முடிவாகிவிடுகிறது. வாங்க வேண்டியது கொஞ்சம் சொரசொரப்பான, செதில் உள்ள, மெஷினில் துவைக்க முடியாத ஆட்டுக் கம்பளி. ஷெட்லாந்து நூல் முதல் தரம். ஐஸ்லாந்து லோப்பியும் நன்றாகப் பற்றும், ஆனால் தடிமன்.

நான் முதலில் வாங்கியது இணையத்தில். நூறு விழுக்காடு கம்பளி என்று போட்டிருந்தது, அது பொய்யும் இல்லை. லேபிளின் பின்பக்கம் பொடி எழுத்தில் மெஷினில் துவைக்கலாம் என்று இருந்ததை நான் படிக்கவில்லை. சூப்பர்வாஷ் என்று விற்கும் கம்பளியில் செதிலை ரசாயனத்தால் மழுக்கி, மேலே மெல்லிய பூச்சும் பூசியிருப்பார்கள். மெஷினில் போட்டால் சுருங்காமல் இருப்பது அதனால்தான். வெட்டினால் பற்றாமல் இருப்பதும் அதனால்தான். வழவழவென்று, குழந்தை கன்னம் மாதிரி, கடையில் எடுத்தவுடன் மனசு போகிற நூல் அதுதான். கத்தரி போன இடமெல்லாம் நுனிகள் மீஹூன் (அரிசிச் சேமியா) மாதிரி எழும்பி நின்றன. ஊசியை எடுத்து இரண்டு பக்கமும் அவசர அவசரமாகத் தைத்தேன். பக்கத்துக்கு ஒரு பூ போய்விட்டது. நாற்பது அங்குலத்துக்குப் பின்னிய சட்டை கடைசியில் அண்ணன் மகளுக்குப் போய்ச் சேர்ந்தது, அவளுக்கு அப்போது பதினான்கு வயது.

இப்போது புது நூல் வந்தால் முதல் வேலையாக இரண்டு சோதனை செய்கிறேன். ஒரு சாண் நூலைக் கையால் பிய்த்து, பிய்ந்த இரண்டு நுனியையும் எச்சில் தொட்டு ஒன்றன்மேல் ஒன்று வைத்து உள்ளங்கையில் சூடு வரும்வரை உருட்டுவேன். ஒட்டிக்கொண்டு மறுபடி ஒரே நூலானால் அது ஸ்டீக்குக்கு ஆகும். ஒட்டவில்லையா, வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, ஒரு துண்டைக் கொளுத்திப் பார்ப்பது. கம்பளி முடி கருகும் வாடை அடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் மில்க் காட்டனில் (பருத்திக் கலவை நூல்) செய்யலாமா?

கத்தரி வேண்டாம் என்றால் தாராளமாகச் செய்யலாம். வெட்டத்தான் வேண்டும் என்றால் தையல் மெஷினில் நெருக்கமாக இரண்டு மூன்று தையல் ஓட்டிவிட்டு வெட்டலாம், ஆனால் அந்த ஓரம் எப்போதும் முரட்டுத்தனமாகவே இருக்கும். மில்க் காட்டனில் பின்னுகிறவர்கள் முன்பக்கத்தைத் திறந்தே பின்னிவிடுங்கள். நிறத்தைக் குறுக்குப் பட்டைகளாக வைத்தால் இரண்டு நூல் தொல்லையும் இல்லை.

எவ்வளவு நூல் ஆகும், எவ்வளவு செலவாகும்?

மெல்லிய ஷெட்லாந்து நூல் 25 கிராம் பந்தாக வரும், ஒரு பந்தில் 105 முதல் 115 மீட்டர். பெரியவர்களுக்கு 13, 14 பந்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிக்கு மேல் அடி நிறமே (பூவுக்குப் பின்னால் நிற்கும் நிறம்) போகும். எனக்கு நூலுக்கு மட்டும் 300, 400 வெள்ளி (ரிங்கிட்) ஆகிறது. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைக்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி வந்துவிட்டது, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரே சாயத் தொகுதியில் மொத்தமாக வாங்கிவிடுவது நல்லது. அடி நிறம் பாதியில் தீர்ந்து மறுபடி வாங்கினால் சாயம் ஒரு பொடி மாறியிருக்கும், தோளில் கோடு கிழித்த மாதிரி தெரியும்.

ஊசி 3 மில்லிமீட்டர் வட்ட ஊசி, 80 சென்டிமீட்டர் கேபிள். ரிப்புக்கு (ஓரத்தில் வரும் இழுபடும் பட்டை) அரை மில்லிமீட்டர் குறைவாக இன்னொன்று. மரம் அல்லது மூங்கில் ஊசி வாங்குங்கள். ஈரக் கையில் உலோக ஊசி வழுக்கும்.

மாதிரித் துண்டு கட்டாயமா? நேரே ஆரம்பித்தால் என்ன?

கட்டாயம். சுவெட்டர் பின்னுகிறவர்கள் எல்லாரும் ஏமாற்றப் பார்ப்பது இதில்தான். ஒரு கணக்கு சொல்கிறேன். அங்குலத்துக்கு 7 கண்ணி வரும் என்று நினைத்து 271 கண்ணி போடுகிறீர்கள், சுற்றளவு 38.7 அங்குலம். உங்கள் கைக்கு ஆறரைதான் வருகிறது என்றால் அதே 271 கண்ணி 41.7 அங்குலம். அரைக் கண்ணிக்கு மூன்று அங்குலம் போய்விட்டது.

மாதிரியையும் குழாயாகவே பின்னுங்கள், நூறு கண்ணி போதும். அதில் ஏழு கண்ணி ஸ்டீக்கும் வையுங்கள். ஒரு ஜாண் உயரம் வந்ததும் முடித்து, நனைத்து, வெள்ளைக் கைக்குட்டை மேல் விரித்துக் காயவிடுங்கள். சாயம் இறங்குகிறதா என்று கைக்குட்டை சொல்லும். சிவப்பும் கருநீலமும்தான் அதிகம் இறங்கும். காய்ந்தபின் கண்ணியை எண்ணுங்கள். அப்புறம் அதை வெட்டுங்கள். மனசு வராதுதான். ஆனால் கத்தரி, நூல், கை மூன்றுக்கும் பழக்கம் ஆவது அங்கேதான். வெட்டிய ஓரத்தை நகத்தால் சுரண்டி, இழுத்து, பையில் போட்டு ஒரு வாரம் சுமந்து பாருங்கள். அதற்கும் அசையாத நூலை நம்பலாம்.

எத்தனை கண்ணி போடுவது?

அவரவர் அளவுக்கு மாறும், கணக்கு ஒன்றுதான். முடிந்த சட்டை 40 அங்குலம், பட்டன் பட்டி ஒன்றேகால் அங்குலம் என்று வைப்போம். பட்டியைக் கழித்தால் 38.75. அங்குலத்துக்கு 7 என்றால் 271. பூ பத்துக் கண்ணிக்கு ஒருமுறை திரும்பினால் 27 பூவும் ஒரு கண்ணியும். அந்த ஒற்றைக் கண்ணியால்தான் இடது முன்பக்கமும் வலது முன்பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒத்துப்போகும். அதன்மேல் ஸ்டீக் ஏழு, ஆக 278. ஸ்டீக் கண்ணியைச் சட்டை அளவில் எப்போதும் சேர்க்காதீர்கள், அது மடிந்து உள்ளே போய்விடும்.

கோலத்தைப் பூவாகப் பின்னலாமா?

பின்னலாம், அழகாக வரும். எல்லாக் கோலமும் வராது. ஒரு சுற்றில் இரண்டு நிறத்துக்கு மேல் கூடாது, ஒரு நிறம் ஐந்தாறு கண்ணிக்கு மேல் தொடர்ந்து தூங்கவும் கூடாது. புள்ளிக்கோலத்தில் நட்சத்திரம், சின்னத் தாமரை, வைரக்கட்டம் இவையெல்லாம் நன்றாக விழும். பெரிய சிக்குக்கோலத்தின் நடுவில் வெற்றிடம் அதிகம், பின்னால் நூல் நீளமாகத் தொங்கும், மோதிரம் மாட்டி இழுத்துவிடும்.

இன்னொன்று. கணக்குப் புத்தகக் கட்டத்தில் வரைந்தால் வட்டம் நசுங்கிப்போகும், ஏனென்றால் கண்ணி அகலம் கூடுதல், உயரம் குறைவு. என் கைக்கு நான்கு அங்குலத்தில் 28 கண்ணி, 32 சுற்று. 28 கண்ணி அகலக் கோலம் சதுரமாக நிற்க 32 சுற்று உயரம் கொடுக்க வேண்டும். உங்கள் மாதிரித் துண்டில் எண்ணி வரைந்துகொள்ளுங்கள்.

என்ன நிறம் நன்றாக எடுக்கும்?

போனில் நூல் பந்துகளைப் படம் எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். அதில் வேறுவேறாகத் தெரிகிற நிறங்கள்தான் சட்டையிலும் பிரிந்து தெரியும். தீபாவளிப் புடவை மாதிரி அரக்குச் சிவப்பும் இலைப்பச்சையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குக் குளிர்ச்சிதான், படத்தில் இரண்டும் ஒரே சாம்பல். அந்தப் பூ பத்தடி தூரத்தில் காணாமல் போய்விடும்.

இரண்டு நூலை எப்படிப் பிடிப்பது?

வலது கையில் அடி நிறம், இடது கையில் பூ நிறம். முடிகிறவரை மாற்றவே கூடாது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஒரு நூல் எப்போதும் மேலே ஓடும், ஒன்று கீழே ஓடும். கீழே ஓடுகிற நூலின் கண்ணி ஒரு பொடி பெரிதாக, எடுப்பாக விழும். பூ நிறம் கீழே இருக்கட்டும். நடுவில் கை மாற்றினால் அந்தச் சுற்றிலிருந்து பூ மங்கிவிடும், ஏன் என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

பின்னால் ஓடும் நூல் இறுகாமல் இருக்க, நிறம் மாற்றும்போதெல்லாம் வலது ஊசியில் உள்ள கண்ணிகளை விரித்துவிட்டு மாற்றுங்கள். ஐந்து கண்ணிக்கு மேல் போனால் நடுவில் ஒருமுறை பின்னலில் சிக்கவைக்க வேண்டும்.

கை வியர்க்கிறதே, என்ன செய்வது?

பால் மரம் வெட்டுகிறவர்கள் ஏன் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள்? குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். நானும் அதே நேரத்தில்தான் பின்னுகிறேன். ஐந்து மணிக்கு ஒரு கோப்பி, ஏழு வரை பின்னல், பிற்பகலில் தொடுவதே இல்லை. வியர்வையும் சூடும் உரசலும் சேர்ந்தால் கம்பளி கையிலேயே கம்பளமாகத் திரளும், கண்ணிகளும் இறுகும். காலையில் பின்னியதற்கும் உச்சி வெயிலில் பின்னியதற்கும் என் கையில் நான்கு அங்குலத்தில் ஒரு கண்ணி வித்தியாசம் வந்திருக்கிறது. பவுடர் போடாதீர்கள், நிறம் வெளுத்த மாதிரி படியும். மடியில் வெள்ளைத் துண்டு விரித்துக்கொண்டால் அடுக்கிய பின்னல் தொடையில் ஒட்டாது.

ஸ்டீக் கண்ணிகளை எப்படிப் பின்னுவது?

ஏழையும் நிறம் மாற்றி மாற்றி: அடி, பூ, அடி, பூ, அடி, பூ, அடி. ஒவ்வொரு சுற்றிலும் அதே நிறம் அதே கண்ணியின் மேல் விழ வேண்டும், நெடுங்கோடாக வரும். வெட்டுகிற அன்று அந்தக் கோடுதான் வழிகாட்டி. நெருக்கமாக மாற்றுவதால் இரண்டு நூலும் பக்கத்தில் பக்கத்தில் பிடிபட்டிருக்கும். இரண்டு ஓரத்திலும் அடையாள வளையம் மாட்டிவிடுங்கள்.

சுற்றின் ஆரம்பத்தை ஸ்டீக்கின் நடுவிலேயே வையுங்கள். நூல் தீர்ந்தால் அங்கே முடிச்சுப் போட்டுப் புது நூல், நிறம் மாற்றுவதும் அங்கே. வால்களை ஊசியில் கோத்து மறைக்கிற வேலை கிடையாது, எல்லாம் கத்தரியோடு போய்விடும். பன்னிரண்டு நிறச் சட்டையில் நூற்றுக்கணக்கான வால் மிச்சம். இதற்காகவே ஸ்டீக் போடுகிறவர்கள் உண்டு.

வெட்டுவதற்கு முன் ஓரத்தை எப்படிக் கெட்டியாக்குவது?

மூன்று வழி சொல்கிறேன். நல்ல ஷெட்லாந்து நூலில் ஒன்றுமே செய்யாமல் வெட்டியவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

எனக்குப் பிடித்தது கொக்கி ஊசியால் போடும் குரோஷா. வலமிருந்து எண்ணினால் ஏழில் நான்காவதுதான் நடுக்கண்ணி. பின்னலை உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கண்ணியும் தலைகீழ்க் கூரை மாதிரி இரண்டு கால்களோடு இருக்கும். மூன்றாவதின் இடது காலையும் நான்காவதின் வலது காலையும் சேர்த்துக் கொக்கியில் எடுத்து ஒரு குரோஷா, அடுத்த சுற்றில் இன்னொன்று, இப்படியே கீழிருந்து கழுத்துவரை. அப்புறம் திரும்பி வரும்போது நான்காவதின் இடது காலும் ஐந்தாவதின் வலது காலும். நூல் மெல்லிசாக, கண்ணுக்குத் தெரிகிற வேறு நிறத்தில் இருக்கட்டும். முடித்ததும் இரண்டு சங்கிலியும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து விலகும், நடுவில் ஏணிப்படி மாதிரி நூல்கள் தெரியும். வெட்ட வேண்டியது அந்தப் படிகளை மட்டும். பற்றுகிற கம்பளிக்குத்தான் இது ஆகும். சூப்பர்வாஷில் சங்கிலி அப்படியே கழன்று கையில் வரும்.

இரண்டாவது, தையல் மெஷின். நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் பொடித் தையலாக இரண்டிரண்டு வரிசை. மெஷினின் கால் பின்னலை அமுக்கி இழுத்து ஓரத்தை அலை அலையாக்கிவிடும், அடியில் மெல்லிய தாள் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். வீட்டில் மெஷின் இல்லாதவர்கள் தையல்காரரிடம் போகலாம். எனக்குப் பிளவுஸ் தைக்கும் அக்கா இதைக் கையில் வாங்கிப் பார்த்து, எதற்கு என்று கேட்டு, வெட்டப்போகிறேன் என்றதும் திருப்பிக் கொடுத்துவிட்டார். “பாவம் எனக்கு வேணாம்மா.”

மூன்றாவது, சாதாரண ஊசியில் கையால் பின்தையல். நேரம் எடுக்கும், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெட்டுகிற அன்று என்ன செய்ய வேண்டும்?

சட்டையை முன்பே நனைத்து, விரித்து, காயவைத்திருக்க வேண்டும். நனைந்து காய்ந்த கண்ணி இடத்தில் உட்கார்ந்துவிடும். சாப்பாட்டு மேசையைத் துடைத்துக் காயவிட்டு, சட்டையை முகம் மேலாக விரியுங்கள். தினசரி நாட்காட்டியில் தாளெல்லாம் கிழித்தபின் மிஞ்சும் அட்டை இருக்குமே, முருகனோ லட்சுமியோ அச்சிட்டது, அதைச் சட்டைக்குள் நுழைத்துவிடுங்கள். முன்பக்கத்தோடு முதுகையும் சேர்த்து வெட்டிவிட்டால் அழுதும் பயனில்லை. சாமி படம் கீழே பார்க்கட்டும், கத்தரி கீறும்.

கத்தரி சின்னதாக, நுனி கூராக. நல்ல வெளிச்சத்தில் நான்கைந்து படி வெட்டி, நிறுத்தி, பார்த்து, மறுபடி நான்கைந்து. கம்பளியை அறுக்கும் சத்தம் காய்ந்த வைக்கோலை நறுக்குவது போல இருக்கும். பாதி தூரம் போனதும் இரண்டு ஓரமும் தானாகவே உள்பக்கம் சுருண்டு ஒதுங்க ஆரம்பிக்கும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். குழாயாக இருந்தது மேசைமேல் சட்டையாகத் திறந்து கிடக்கும். மொத்தம் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் பிள்ளைகளையும் பூனையையும் வெளியே விட்டுக் கதவைச் சாத்துங்கள்.

கத்தரி தவறிக் குரோஷாவையே வெட்டிவிட்டால்?

நிறுத்துங்கள், இழுக்காதீர்கள். அதே கம்பளி நூலை ஊசியில் கோத்து, வெட்டுப்பட்ட இடத்துக்கு ஒரு கண்ணி உள்ளே தள்ளிப் பின்தையல் போடுங்கள், மேலும் கீழும் ஓர் அங்குலம் கூடுதலாக. ஏழு கண்ணி வைப்பது இதற்கும்தான்.

பட்டன் பட்டி அலை அலையாக வருகிறது. ஏன்?

எடுத்த கண்ணி அதிகம். ஸ்டீக்கின் கடைசிக் கண்ணிக்கும் பூவின் முதல் கண்ணிக்கும் நடுவில் கண்ணி எடுக்கிறீர்கள், நான்கு சுற்றுக்கு மூன்று என்று ஆரம்பியுங்கள். நான்கு வரிசை ரிப் போட்டதும் மேசையில் விரித்துப் பாருங்கள். அலை வந்தால் குறைக்க வேண்டும், சட்டை மேலே தூக்கினால் கூட்ட வேண்டும். நான் இதுவரை ஒரு பட்டியையும் முதல் தடவையிலேயே சரியாக எடுத்ததில்லை. பெண்கள் சட்டைக்குப் பொத்தான் துளை வலப்பக்கம். வெட்டிய ஓரத்தை உள்ளே மடித்துக் கம்பளி நூலால் தளர்வாகத் தைத்துவிடுங்கள், போட்டுப் போட்டு அது தானே திரண்டு ஒட்டிவிடும். கண்ணுக்கு உறுத்தினால் மேலே ஒரு ரிப்பன் வைத்துத் தைக்கலாம்.

கையையும் இப்படித்தான் பின்னுவதா?

அக்குளிலும் ஸ்டீக் வைத்து வெட்டி, அங்கிருந்து கண்ணி எடுத்துக் கீழ்நோக்கிப் பின்னலாம். சுற்று சின்னதானால் கை தானாக இறுகும், அளந்து பார்த்து ஊசியை ஒரு எண் கூட்டுங்கள். வேறு ஒன்றும் இல்லை.

எப்படித் துவைப்பது? மழைக்காலத்தில் காயவே மாட்டேன் என்கிறதே?

வாளியில் சாதாரணத் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, இருபது நிமிஷம் ஊறல். கசக்குவது, முறுக்குவது, சுடுநீர் மூன்றும் கூடாது. எடுக்கும்போது குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் அடியோடு தூக்குங்கள். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும், அதனால் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரிய துண்டில் சுருட்டி மேலே ஏறி மிதித்து ஈரத்தை எடுத்துவிட்டு, கயிற்றுக் கட்டிலில் கொசுவலை விரித்து அதன்மேல் போடுங்கள், அடியிலும் காற்று போகும். மழை நாளில் காற்றாடி முழு வேகத்தில் ஓட இரண்டு நாள் ஆகும். கொடியில் தொங்கவிட்டால் முழங்காலுக்கு வந்துவிடும்.

பூச்சி அரிக்காமல் எப்படி வைப்பது?

அந்துப்பூச்சி தின்பதில்லை, அது இடும் முட்டையிலிருந்து வரும் புழுதான் தின்னும். வியர்வையும் குழம்புக் கறையும் இருக்கிற இடத்தை முதலில் பிடிக்கும், அதனால் துவைக்காமல் உள்ளே வைக்காதீர்கள். பூஞ்சைக்கு ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் போட்டு, மாதம் ஒருமுறை எடுத்து உதறிக் காற்றில் வையுங்கள். குழந்தை உள்ள வீட்டில் பாச்சை உருண்டை வேண்டாம். பிறந்ததும் ஜி6பிடி (ரத்தத்தில் உள்ள ஒரு நொதி) சோதனை செய்து, குறை இருந்தால் அட்டையில் எழுதித் தருகிறார்களே, அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வாடையே ஆபத்து.

புழு வந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, ஐஸ் பெட்டியின் உறைபகுதியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஈரம் கோத்துக்கொள்ளும். பையின் மேல் பெரிதாக எழுதி ஒட்டுவதும் முக்கியம். எங்கள் வீட்டில் அண்ணி கெம்போங் மீன் என்று நினைத்து என் கம்பளிச் சட்டையை எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, புளி கரைக்கப் போய்விட்டார்.